சீனன்குடாவில் வெட்டுப்பட்ட புத்தகம்

அறுபதுகளின் கடைசியில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. கச்சான் காற்று ஊரைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்த காலம். திருகோணமலைக்குப் பக்கத்திலே சீனன்குடா ரயில் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்த என்னை, உளவாளி என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிடித்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் இருந்த கோலத்தைப் பார்த்தால் நானே என்னைப் பிடித்திருப்பேன். அதைச் சொல்வதற்கு முன் என் வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த நாளில் நான் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். பழைய காலத்துப் பாதிரிமார் காடு, மலை, ஆறு என்று அலைந்து திரிந்து எழுதிய பயணப் புத்தகங்களைச் சேர்ப்பதுதான் என் வியாதி. அதிலும் முதற்பதிப்பாக இருக்க வேண்டும். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது ஓர் அதிகாரியின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நான் ஒரு அலுமாரி எடுத்தேன். அதற்குள் அப்படி ஒரு புத்தகம் கிடந்தது. கொழும்பில் பழைய புத்தகங்கள் சேர்க்கும் ஒருவருக்கு எழுதி விசாரித்தேன். அது கிடைப்பதற்கு அரிய முதற்பதிப்பு என்று அவர் பதில் போட்டார். அந்தக் கடிதத்தோடு எனக்குப் பிடித்தது, பத்து வருஷம் விடவில்லை.

நான் பரம்பரைச் சைவன். திருநீறு பூசாமல் வாசல் தாண்ட மாட்டேன். அலுமாரியிலோ நாற்பத்தொரு பாதிரிமார். நான் என்றைக்கோ ஒரு நாள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்து நிற்கப் போகிறேன் என்று மனைவி பயந்தாள். எங்கள் ஒழுங்கையில் இருந்த உபதேசியாரோ அதே நாளை ஆவலோடு எதிர்பார்த்து, மாதம் ஒரு தரம் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். இரண்டு பேரையும் நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

எந்த ஊரில் அச்சடித்தது, அட்டை என்ன நிறம், எத்தனை படம், எந்தப் பக்கத்தில் அச்சுப்பிழை, எல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ளே அந்தப் பாதிரியார் என்ன ஆனார் என்பது மட்டும் தெரியாது. அது தெரிய வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

அன்றைக்குச் சீனன்குடாவுக்குப் போனது ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட் ஒருவரைப் பார்க்க. வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு கொழும்புக்குப் போக இருந்தார். அவர் மாமனார் வைத்திருந்த ஒரு பாதிரியாரின் பயணப் புத்தகம் அவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். திருகோணமலையில் கரையிறங்கி, மகாவலி ஆறு கடலில் விழும் பக்கமாக உள்நாட்டுக்குள் நடந்துபோன ஒருவர் எழுதியது. விலையைப் பேசி முடித்தேன். அதை இங்கே எழுதினால் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும்.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் தலைப்புப் பக்கத்தைத்தான் பார்த்தேன். முதற்பதிப்பு. அதைவிடப் பெரிய அதிசயம், பக்கங்கள் வெட்டப்படாமல் இருந்தன. அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைத்து, மடிப்பை வெட்டாமலே விற்பார்கள். வாங்கியவர்தான் கத்தியால் வெட்டிப் பிரித்துப் படிக்க வேண்டும். வெட்டாமல் இருந்தால், அச்சகத்தை விட்டு வந்த நாள் முதல் அதை ஒருவரும் படிக்கவில்லை என்று அர்த்தம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அதைவிடச் சுத்தமான புத்தகம் உலகத்தில் இல்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரயில் நிலையத்தில் ஆளில்லை. வாங்கில் உட்கார்ந்து புத்தகத்தைச் சரிபார்க்கத் தொடங்கினேன். உள்ளே ஒரு மடித்த வரைபடம் இருந்தது. விரித்தால் ஒரு பாய் அளவு. திருகோணமலைத் துறைமுகமும் குடாக்களும் கிண்ணியாத் துறையும் ஆறும் நுணுக்கமாகக் கீறப்பட்டிருந்தன. கிழிசல் ஏதும் உண்டா என்று பார்க்க அதை வெளிச்சத்துக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். காற்று அதைத் தோணிப்பாய் போல விரித்தது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். படத்தில் இருக்கும் மலை இந்த மலைதானா என்று எழும்பி நின்று விரலால் சுட்டியும் பார்த்தேன். என் விரல் சுட்டிய பக்கத்தில் விமான ஓடுபாதை இருந்தது. அதற்கு மேலே எண்ணெய்த் தாங்கிகள். இரண்டும் தடை செய்யப்பட்ட இடங்கள் என்று பெரிய பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகையில்தான் நான் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

விமானப்படை முகாமின் காவலர்கள் இருவர் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றபோதும், வரைபடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். விரலால் தொட வேண்டாம் என்று சொன்னேன்.

காவல் கொட்டிலில் ஒரு சார்ஜன்ட் இருந்தார். நடுத்தர வயது, கனத்த மீசை, சிங்களவர். சந்தைக்குப் போய்ப் பழகிய தமிழ் கொஞ்சம் பேசுவார். என் சிங்களம் பஸ்ஸில் இடம் கேட்பதற்குத்தான் காணும். அதனால் முகாமில் கன்ரீன் நடத்திய கிண்ணியா முஸ்லிம் ஒருவரை, எல்லாருக்கும் அவர் காக்கா, மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் மாவோடு வந்தார்.

விசாரணை தொடங்கியது. எங்கே வேலை என்று கேட்டார்கள். துறைமுகத்தில் என்றேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவனுக்குத் துறைமுகத்தின் படம் எதற்கு என்றார் சார்ஜன்ட். படம் எனக்குத் தேவையில்லை, புத்தகத்தோடு வந்தது என்றேன். என்ன புத்தகம் என்றார். பாதிரியார் எழுதியது என்றேன். சார்ஜன்ட் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி நெற்றியைப் பார்த்தார். தன் கொப்பியில் ஏதோ எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். புத்தகத்தின் பெருமையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார் என்று நினைத்து, முதற்பதிப்பில் நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சொல் இரண்டு தரம் அச்சாகியிருக்கும், அந்தப் பிழை இருப்பதால்தான் இதற்கு மதிப்பு என்றேன். சார்ஜன்ட் நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்தார். பிழை அங்கே இருந்தது. அதை நான் பார்க்காமலே சொன்னதுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. இரகசியக் குறி என்று முடிவு கட்டிவிட்டார்.

அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனபோது தாள் ஒட்டிக்கொண்டு நின்றது. மடிப்பைக் கண்டார். புத்தகத்தைத் தூக்கி, ஒட்டியிருந்த பக்கங்களைக் குழாய் போல வளைத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். காக்காவிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். வாசலில் நின்ற காவலர்கள் இருவரும் முறைவைத்துப் பார்த்தார்கள்.

"மாத்தயா, உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு?" என்று சார்ஜன்ட், ஐயா என்பதற்கு மட்டும் சிங்களத்தை வைத்துக்கொண்டு, தமிழிலேயே கேட்டார்.

"எனக்குத் தெரியாது."

"மாத்தயா புத்தகம்தானே?"

"ஓம். ஆனால் நான் படிக்கிறதில்லை."

வீட்டில் இப்படி எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். அதில் எத்தனை படித்தது என்று கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. காக்காவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் என் சேகரிப்பைப் பார்த்துத் தலையாட்டிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஒன்றும் இல்லை என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

காக்கா சார்ஜன்ட்டின் பக்கம் சாய்ந்து சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். நான் சொன்னது ஒரு சொல், அவர் சொன்னது ஒரு பிரசங்கம். சார்ஜன்ட்டின் முகம் மெல்ல மெல்ல இளகியது. கடைசியில் என்னைப் பார்த்துப் பரிதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

காக்கா தேத்தண்ணியை வைக்கும்போது, சார்ஜன்ட்டிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஐயா கோவிக்கப்படாது," என்றார் மெதுவாக. "உளவாளி எண்டா சுடுவாங்க. பைத்தியம் எண்டா தேத்தண்ணி குடுப்பாங்க. நான் ரெண்டாவதச் சொல்லிட்டன்."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இளம் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல ஆங்கிலம், நல்ல பழக்கம். வரைபடத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஓடுபாதையும் தாங்கிகளும் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முந்திய படம் அது. நான் எழும்பிப் போக ஆயத்தமானேன். ஆனால் சார்ஜன்ட், ஒட்டியிருந்த பக்கங்களைக் காட்டினார். அதிகாரி யோசித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை, அதன் சொந்தக்காரனுக்கே தெரியாத பொருளை, ஒன்றுமில்லை என்று எழுதித் தான் எப்படி வெளியே விடுவது என்றார். நியாயமான கேள்வி. இரண்டு வழி சொன்னார். புத்தகத்தையும் என்னையும் அப்படியே பொலிசில் ஒப்படைப்பது ஒன்று. இங்கேயே பக்கங்களை வெட்டிப் பார்ப்பது மற்றது.

பொலிசுக்குப் போனால் கந்தோருக்கு அறிவிப்பார்கள். துறைமுகத்து எழுதுவினைஞன் துறைமுக வரைபடத்தோடு பிடிபட்டான் என்று மேலிடத்துக்குக் கடிதம் போனால் என் உத்தியோகம் அதோடு சரி. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பொலிசுக்கே போய்விடலாமா என்று நான் ஒரு கணம் யோசித்தேன்.

காக்கா கன்ரீனில் இருந்து பட்டர் பூசும் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். வேறு யாராவது வெட்டினால் தாளைக் கிழித்துவிடுவார்கள் என்று நானே வாங்கிக்கொண்டேன். முதல் மடிப்புக்குள் கத்தியை விட்டேன். சர் என்று ஒரு சத்தம். யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு என் சட்டையைக் கிழித்தது போல இருந்தது. மேசையில் மெல்லிய தூள் விழுந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் நான் மூச்சை இழுத்தேன், சார்ஜன்ட்டும் என்னோடு சேர்ந்து மூச்சை இழுத்தார்.

வெட்டியானதும் படிக்கச் சொன்னார்கள். துறைமுகத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமாம். நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வது, காக்கா அதைச் சிங்களத்தில் சொல்வது என்று ஏற்பாடு. அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

துறைமுகம் முதல் மூன்று பக்கத்தோடு முடிந்துவிட்டது. பாதிரியார் அதைப் பார்க்கவே இல்லை. கப்பல் பயணத்தில் வாந்தி எடுத்து எடுத்துக் கண் மூடியே வந்திருக்கிறார். பிறகு இரண்டு கூலியாட்களோடு, எந்த ஐரோப்பியனும் காணாத ஊர்களைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். கிண்ணியாவில் ஆட்கள் அவரைத் தோளில் தூக்கித் துறை கடத்தினார்கள். மூதூர்ப் பக்கம் சேற்றில் ஒரு சப்பாத்து போயிற்று. ஒற்றைச் சப்பாத்தோடு ஆறு நாள் நடந்து அவர் கண்டுபிடித்த ஊரின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கிளிவெட்டி.

காக்கா மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார். "கிளிவெட்டியையா? என்ட மச்சான் அங்கதான் வயல் செய்யிறான். கிளிவெட்டி எப்ப காணாமப் போனது?"

பாதிரியார் கப்பலிலேயே தமிழ் படித்திருந்தார். ஊர் மரத்தடியில் ஆட்களைக் கூட்டி, தன் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். 'உங்கள் ஆத்துமாக்களைத் தேடி வந்திருக்கிறேன்' என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. ஆனால் 'த' அவர் நாக்கில் வரவில்லை, 'ட' தான் வந்தது. சனங்களின் காதில் விழுந்தது, 'உங்கள் ஆடுமாடுகளைத் தேடி வந்திருக்கிறேன்' என்று. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மரத்தடியில் ஒரு குஞ்சும் இல்லை. இரவோடு இரவாக ஊர் ஆடுமாடு முழுவதையும் காட்டுக்குள் சாய்த்துக்கொண்டு போய் ஒளித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு பெண் மட்டும் வந்து, தன்னிடம் இருப்பது ஒரே ஒரு பசு, அதையாவது விட்டுவிடச் சொல்லிக் காலில் விழுந்திருக்கிறாள். உன் ஒன்றுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று பாதிரியார் உருக்கமாகச் சொல்ல, அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். என்ன நடந்தது என்று பதினொரு நாள் கழித்து ஒரு தோணிக்காரர் விளக்கியபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அத்தனையையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார் மனுஷன்.

எனக்குப் படிக்க ஏலாமல் போயிற்று. கண்ணில் நீர் வந்து எழுத்து மறைந்தது. காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் என்ன, என்ன என்று கேட்கிறார்கள். காக்கா பேச முடியாமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், பிறகு ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டைக் காட்டினார், மறுபடி நெஞ்சு, மறுபடி மாடு. அதிகாரிக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் சொல்ல, சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

நாலரை மணிக்குப் பாதிரியார் ஒரு மரத்தில் இருந்தார். கீழே காட்டெருமை நின்றது. சார்ஜன்ட்டின் வேலை நேரம் முடிந்து வெகு நேரம். கன்ரீனில் ஏதோ கருகும் மணம் வந்தது, காக்கா அசையவில்லை. அதிகாரிதான் மணியைப் பார்த்து எழும்பினார். ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தார். பஸ் போய்விட்டதால் என்னை ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

நான் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினேன். சார்ஜன்ட் அதன் மேல் கையை வைத்தார்.

"புத்தகம் இங்க இருக்கட்டும். அடுத்த ஞாயிறு மாத்தயா வாறது, படிக்கிறது."

ஏன் என்று கேட்டேன். அவர் காக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். காக்கா எனக்குச் சொன்னார்: நீங்கள் கொண்டுபோனால் இன்றைக்கே தனியாக இருந்து மிச்சத்தைப் படித்துவிடுவீர்களாம். காலையில் ஒரு புத்தகத்தையும் படிக்காதவன் என்று அந்த மனுஷர் கொப்பியில் எழுதிய ஆள் நான்.

ஜீப் எங்கள் படலைக்கு முன்னால் வந்து நின்றபோது ஒழுங்கை முழுக்க வெளியே வந்துவிட்டது. மனைவி ஓடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்துபோட்டு வந்தனீங்கள்?"

"புத்தகம் படிச்சனான்."

அவள் ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொய் சொல்லுறதெண்டாலும் நம்பக்கூடிய பொய்யாச் சொல்லுங்கோ," என்றாள்.

அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை சீனன்குடாவுக்குப் போனேன். கைதியாகப் போன கொட்டிலுக்கு விருந்தாளியாகப் போவது வேடிக்கையான அனுபவம். காக்கா கன்ரீனைப் பூட்டிவிட்டு வருவார். அதிகாரி வேலையாக வந்தவர் போல வந்து நின்று கேட்பார். பாதிரியார் மரத்தால் இறங்கினார், காய்ச்சலில் கிடந்தார், எருமைத் தயிருக்கு அடிமையானார். கடைசி அத்தியாயத்தில், தான் ஒருவரையும் மதம் மாற்றவில்லை, எதையும் கண்டுபிடிக்கவில்லை, போன ஊரெல்லாம் தனக்குச் சோறு போட்டார்கள் என்று எழுதிவிட்டு, முதல் நாள் தன்னைத் தோளில் சுமந்து துறை கடத்திய கிண்ணியா ஆட்களுக்குக் கூலி கொடுக்க மறந்து போனதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்.

காக்கா அந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"எங்கட ஆக்கள்தான்," என்றார். "கேட்டிருக்க மாட்டாங்க, ஐயா. கேக்கிற ஆக்களில்ல."

புத்தகத்தைக் கடுதாசியில் சுற்றி சார்ஜன்ட் என்னிடம் தந்தார். அறுபதாம் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை ஒன்று வட்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொன்னேன், பொய்யாகச் சொல்லவில்லை.

கொழும்பில் பழைய புத்தகம் சேர்க்கும் அந்த நண்பருக்கு நடந்ததை எழுதினேன். துக்கம் விசாரிப்பது போல ஒரு பதில் வந்தது. பக்கங்களை வெட்டிக் கறையும் படுத்தியபிறகு அது இனி வெறும் புத்தகம்தான் என்று எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தைக் கோபமில்லாமல் மடித்து வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து முதலாவதை எடுத்தேன். மற்ற நாற்பத்தொன்றையும் படித்து முடிக்க நாலு வருஷம் பிடித்தது. அதில் பாதி சகிக்க முடியாத அறுவை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது எது வாங்கினாலும் வீட்டுக்கு வருவதற்கு முன் சில பக்கமாவது படித்துவிடுகிறேன். உன்னிடம் இருக்கிற இதில் என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்கிறவன் தெரியாது என்று தலை குனிந்து நிற்பது எவ்வளவு சிறுமை என்பதை அந்த மீசைக்கார சார்ஜன்ட் ஒரே கேள்வியில் எனக்குக் காட்டிவிட்டார்.